புதுக் கணனியை நாமே அளந்து பார்த்தோம்

தொழிற்சாலையில் வேலை செய்யும் எம்மவர் எவருக்கும் இது தெரிந்த விடயம். இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு தகடு பொருத்தியிருக்கும். மணித்தியாலத்துக்கு இத்தனை துண்டு என்று அதில் எழுதியிருக்கும். இரவு வேலை முடிந்து விடியப்புறம் பெட்டிகளை எண்ணினால் அந்தத் தொகை ஒருநாளும் வராது. இயந்திரம் சூடேறும், அச்சு மாற்றவேண்டி வரும், மூலப்பொருள் வரச் சுணங்கும். தகட்டைப் பொய் என்றும் சொல்லமுடியாது. வேறெங்கோ, வேறொரு துண்டை வைத்து, புது இயந்திரத்தில் எடுத்த எண் அது.

கணனிக் கடைகளின் விளம்பரமும் இந்தத் தகட்டைப் போன்றதுதான். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று 2,000 யூரோ, 3,000 யூரோ கொடுத்துக் கணனி வாங்கும் பெற்றோர் எமது சமூகத்தில் இன்று நிறையப் பேர். பெட்டியில் போட்டிருக்கும் புள்ளிகளை நம்பித்தான் வாங்குகிறோம். வாங்கிய கணனி அந்தப் புள்ளிக்கு ஏற்ற வேலையைச் செய்கிறதா என்று வீட்டில் எவரும் பார்ப்பதில்லை. பார்க்க முடியும், அதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை என்பதால் இதை எழுதுகிறோம்.

2025 வைகாசியில் எமது நகரிலுள்ள ஒன்பது குடும்பங்கள் குடும்பத்துக்கு 300 யூரோ போட்டு, 2,700 யூரோவுக்கு ஒரு கணனி வாங்கினோம். சீட்டுக் கட்டுவதுபோல மாதா மாதம் சேர்த்த காசு. ஒன்பது வீட்டில் ஏழு வீட்டின் சம்பளம் தொழிற்சாலையிலிருந்தோ துப்புரவு வேலையிலிருந்தோ வருவது. கணனியைத் தெரிந்தெடுத்துச் சோதித்துக் கணக்குக் காட்டும் பொறுப்பு எம் நால்வரிடம் வந்தது. நால்வரும் ஓ.எல். எழுதியதோடு படிப்பை விட்டவர்கள். ஆனால் மூன்று வருடங்களாக வேலை முடிந்து வந்து பிளெண்டர் என்ற மென்பொருளோடு மினக்கெட்டுப் பழகியவர்கள்.

கணனி எதற்கு என்பதையும் சொல்லவேண்டும். வலிகாமம் வடக்கில், 1990 இல் சனம் இடம்பெயர்ந்துபோன எமது ஒழுங்கையை, அங்கிருந்த பதினொரு வீடுகளோடும் கிணற்றடியோடும் பனங்கூடலோடும் கணனிக்குள் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த ஒழுங்கையில் இன்று ஒரு சுவரும் மிஞ்சவில்லை. எம் நால்வரில் இருவர் கைக்குழந்தையாகத் தூக்கிச் செல்லப்பட்டவர்கள், மற்ற இருவர் அதன்பின் பிறந்தவர்கள். ஆகவே கட்டுவதெல்லாம் முதியவர்கள் சொல்லச் சொல்லத்தான். விறாந்தையின் அகலம் எத்தனை சாண், முற்றத்துத் தூணில் என்ன நிறம், வேலியில் கிடுகா பனையோலையா என்று கேட்டுக் கேட்டுச் செய்தது. அதை எட்டு நிமிடப் படமாக்கித் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டுவிழாவில் போடுவதென்று தீர்மானம். சொல்லித் தருபவர்களில் மூத்தவரான பெரியப்பாவுக்கு 86 வயது. ஒரு கண்ணில் பார்வை முற்றாகப் போய்விட்டது. மற்றக் கண் எவ்வளவு காலத்துக்கு என்று வைத்தியரும் உறுதியாகச் சொல்லவில்லை.

"தம்பியவை, உது எப்ப முடியும்?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். ஒரு பெஞ்ச்மார்க் சோதனை எமக்குச் சொல்லவேண்டியிருந்ததும் அந்த ஒரு கேள்விக்கான பதிலைத்தான்.

படமாக்குதல் என்றால் என்ன

கணனிக்குள் கட்டிய வீட்டை வெளிச்சம், நிழல் எல்லாவற்றோடும் படமாக மாற்றும் வேலைக்கு றெண்டரிங் என்று பெயர். சாதாரண முழு எச்.டி. படம் ஒன்றில் குறுக்காக 1,920, நெடுக்காக 1,080 என்று 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கணனி ஒரு கதிரை அனுப்பும். அது சுவரில் பட்டு, அங்கிருந்து நிலத்தில் பட்டு, தூணில் பட்டு, கடைசியில் சூரியனையோ விளக்கையோ போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும். வெளிச்சம் இப்படிப் பட்டுத் தெறிப்பதை ஒரே சமன்பாடாக எழுதியவர் ஜேம்ஸ் கஜியா என்பவர், 1986 இல்.

ஒரு புள்ளிக்கு ஒரு கதிர் போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும். குறைத்து அனுப்பினால் அன்ரனா சரியில்லாத பழைய ரிவிபோலப் படம் முழுக்கப் பொரிபொரியாக இருக்கும். அந்தப் பொரியைப் பாதியாக்க வேண்டுமானால் கதிர்களை நான்கு மடங்காக்க வேண்டும், கால்வாசியாக்கப் பதினாறு மடங்கு. கணனிக்காரர் வேகம் வேகம் என்று அலைவதற்கு அடிப்படைக் காரணம் இந்தக் கணக்குத்தான். வெயில் நேரே விழும் வெளிமுற்றத்தைப் படமாக்குவது இலேசு. எமது நாற்சார் வீட்டின் உள்விறாந்தையில் நேரே வெயில் படாது. முற்றத்தில் விழுந்த வெளிச்சம் தெறித்துத்தான் உள்ளே வரும். அந்த அரை இருட்டுத்தான் கணனிக்கு மிகப் பெரிய வேலை.

1980 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ரேனர் விற்றட், கண்ணாடி உருண்டைகளும் சதுரங்கப் பலகை போன்ற தரையும் கொண்ட ஒரு படத்தைக் கதிர்முறையில் செய்து காட்டினார். ஒரேயொரு படம், வக்ஸ் கணனியில் 74 நிமிடம். 1995 இல் பிக்சார் நிறுவனம் வெளியிட்ட 'ரோய் ஸ்ரோறி' முழுநீளப் படத்துக்கு 117 சண் ஸ்பார்க்ஸ்ரேசன் கணனிகளை வரிசையாக அடுக்கி இரவு பகலாக ஓடவிட்டார்கள். ஒரு இலட்சத்து 14 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிறேம்கள். அப்படி அடுக்கிய கணனிக் கூட்டத்துக்குப் பண்ணை என்றே அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதற்குப்பின் வந்த ஒரு செய்தி எமக்கு மிகுந்த தெம்பைக் கொடுத்தது. லற்வியா நாட்டு இயக்குநர் கின்ற்ஸ் சில்பலோடிஸ் 2024 இல் வெளியிட்ட 'புளோ' என்ற பூனைப் படம் 2025 பங்குனியில் ஒஸ்கார் விருது பெற்றது. அது முழுக்கப் பிளெண்டரில் செய்தது, படமாக்கியதும் பண்ணையில் அல்ல, இயக்குநரின் சொந்தக் கணனியில். அவர் பாவித்தது ஈவீ என்ற விரைவு முறை. அதில் வெளிச்சத்தின் தெறிப்பை முழுமையாகக் கணக்கிடாமல் சுருக்குவழியில் போவார்கள். நாமும் அதைச் சோதித்தோம். வேகம் அபாரம், ஆனால் எமது விறாந்தையின் அரை இருட்டு அதில் சரியாக வரவில்லை. பெரியப்பா ஒரே பார்வையில், "இது ஆற்றையோ வீடு" என்றார். ஆகவே மெதுவான சைக்கிள்ஸ் முறையையே கடைப்பிடிக்கிறோம்.

பிளெண்டரைப் பற்றி இடையில் ஒரு சொல். நெதர்லாந்தில் ஒரு கொம்பனிக்குச் சொந்தமாயிருந்த மென்பொருள் அது. 2002 இல் அந்தக் கொம்பனி மூடப்பட்டபோது, அதைச் செய்த ரொன் றூசெண்டால் பொதுமக்களிடம் ஒரு இலட்சம் யூரோ சேர்த்து மென்பொருளை மீட்டு எல்லோருக்கும் இலவசமாக விட்டார். ஏழே வாரங்களில் சேர்ந்த காசு. காசு சேர்த்து ஒரு பொதுக்காரியம் செய்வது எப்படியென்று எமது மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் எம்மைப்போல் வேறு ஆட்களும் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது சந்தோஷம்.

பதினான்கு நாட்கள்

ஜேர்மனியில் இணையம் வழியாக வாங்கும் பொருளை 14 நாட்களுக்குள் காரணம் கூறாமல் திருப்பிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. எமக்கென்றே தனியாகச் செய்வித்த பொருளுக்கு அது செல்லாது. இதனால் பாகங்களைச் சொல்லிச் செய்விக்காமல் கடை தன் பட்டியலில் வைத்திருந்த மொடல் ஒன்றையே எடுத்தோம். சுவிசிலுள்ள வாசகர்கள் கவனிக்கவும்: அங்கே இப்படிப் பொதுவான சட்டம் கிடையாது, கடையின் நிபந்தனையைத்தான் வாசித்துப் பார்க்கவேண்டும். எப்படியாயினும் சோதனையை முதல் வாரத்திலேயே செய்துவிடவேண்டும். பெட்டியையும் உள்ளேயிருந்த மட்டைகளையும் எறியக்கூடாது.

எமது கணனியில் இருப்பது 16 கருக்களும் 32 இழைகளும் கொண்ட புரொசசர், 64 கிகாபைற் றாம், 16 கிகாபைற் சொந்த நினைவகமுள்ள கிராபிக்ஸ் காட். எந்த நிறுவனத்தின் பாகம் என்று எழுதினால் விளம்பரமாகிவிடும், விட்டுவிடுகிறோம். ஒப்பிட வைத்திருந்தது எமது பழைய கணனி. நான்கு கரு, 16 கிகாபைற் றாம், எட்டு வருடப் பழசு.

முதலில் உலகம் முழுவதும் பாவிக்கும் சோதனைகளை ஓடவிட்டோம். ஜேர்மனியின் மக்சொன் நிறுவனம் இலவசமாகத் தரும் சினிபெஞ்ச் ஒன்று. அது ஒரு படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து புள்ளி கொடுக்கும். மற்றது பிளெண்டர்காரரின் சோதனை. மொன்ஸ்ரர், ஜங்சொப், கிளாஸ்றூம் என்று மூன்று காட்சிகளை வரைந்து, நிமிடத்துக்கு எத்தனை சாம்பிள் முடித்தது என்று சொல்லும். 2018 முதல் உலகெங்கும் பலர் தங்கள் பெறுபேறுகளை அங்கே பொதுவில் பதிந்து வருகிறார்கள், எவரும் பார்க்கலாம். இந்தப் புள்ளிகளைக் காட்டி இளைஞர்கள் பெருமையடிப்பதுண்டு. எமக்கு அவை பயன்பட்டது வேறொரு காரியத்துக்கு. எமது பெட்டிக்குள் இருக்கும் அதே பாகங்களை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு என்ன புள்ளி வருகிறது, எமக்கு என்ன வருகிறது? பெரிய வித்தியாசம் இருந்தால் எமது பெட்டிக்குள் ஏதோ பிழை.

அளக்கும்போது சில ஒழுங்குகளைக் கடைப்பிடித்தோம். விண்டோஸ் தன் புதுப்பிப்புக்களை எல்லாம் இறக்கி முடிக்கும்வரை காத்திருந்தோம். பின்னணியில் வேறெதுவும் ஓடவில்லை. இரண்டு கணனியிலும் ஒரே பதிப்பு பிளெண்டர், ஒரே கோப்பு, ஒரே அறை. ஒவ்வொரு சோதனையும் மூன்று தரம், அதில் நடு எண்ணையே எழுதினோம். கிராபிக்ஸ் காட்டின் முதல் ஓட்டத்தை எப்போதும் விட்டுவிடவேண்டும். முதல் தரம் அது தனக்கு வேண்டிய நிரல்களைத் தயார்செய்ய எடுக்கும் நேரமும் சேர்ந்து வரும். தொழிற்சாலையில் அச்சு மாற்றியபின் வரும் முதல் பெட்டியைக் கணக்கில் எடுக்காததுபோல.

ஒரு நிமிடமும் பத்து நிமிடமும்

சினிபெஞ்சை ஒரே ஒரு சுற்று மட்டும் ஓடவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எமக்கு வந்த புள்ளி உலகத்தாருக்கு வந்த புள்ளியோடு அச்சொட்டாகப் பொருந்தியது. கடைக்காரர் அனுப்பிய தாளிலும் அதே அளவு எண்தான். அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் சரியென்று நினைத்திருப்போம்.

பிறகு பத்து நிமிடச் சோதனையைப் போட்டோம். மூன்றாவது நிமிடத்தில் புரொசசரின் வேகம் இறங்கத் தொடங்கியது. 5 கிகாஹேட்ஸில் ஓடியது படிப்படியாக 3.4 வரை வந்து நின்றது. முடிவில் வந்த புள்ளி ஒற்றைச் சுற்றுக்கு வந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். சூடு 95 பாகை. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். இப்போதைய பெரிய புரொசசர்கள் சில 95 பாகை வரை போவதற்கென்றே செய்யப்பட்டவை, எண்ணைக் கண்டு பயப்படத் தேவையில்லை. சூடு அதில் நிற்கும்போது வேகமும் விழுந்துகொண்டே போனால்தான் கோளாறு.

எமது கணனியில் புரொசசரைக் குளிராக்குவது தண்ணீர். குழாய் வழியாகத் தண்ணீர் ஓடி, பெட்டியின் மேற்புறத்திலுள்ள றேடியேற்றரில் மூன்று விசிறிகளால் ஆறும். கையை மேலே வைத்துப் பார்த்தபோது காற்று வரவில்லை. முன்பக்க விசிறிகள் சத்தமாகச் சுற்றியதால் மேலே மூன்றும் அசையாமல் நிற்பது காதுக்கும் தெரியவில்லை. மூன்றையும் சேர்த்து வரும் ஒரே வயர் பலகையில் செருகப்படாமலே கிடந்தது. முதல் இரண்டு மூன்று நிமிடம் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டதால்தான் சுருக்கமான சோதனையில் எதுவும் வெளிப்படவில்லை. கணனியோடு வந்த தாளில் '24 மணித்தியாலம் பரிசோதிக்கப்பட்டது' என்று முத்திரையும் குத்தியிருந்தது!

உடனே செருகிவிடத்தான் கை துடித்தது. ஆனால் பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று பிறகு சொல்லுவார்களோ என்ற பயம். படமெடுத்து, இரண்டு பெறுபேறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கடைக்கு எழுதினோம். எம்மில் ஒருவரின் மகள் பத்தாம் வகுப்புப் படிப்பவள், நல்ல ஜேர்மன் மொழியில் அவள்தான் எழுதித் தந்தாள். இரண்டு நாளில் பதில் வந்தது: நீங்களே செருகலாம், உத்தரவாதம் பாதிக்காது. எழுத்தில் வந்த அந்தப் பதிலை அச்செடுத்துப் பற்றுச்சீட்டோடு வைத்திருக்கிறோம். வயரைச் செருகியபின் பத்து நிமிடப் புள்ளிக்கும் ஒற்றைச் சுற்றுப் புள்ளிக்கும் இடையில் நூற்றுக்கு மூன்றுதான் வித்தியாசம்.

எமது முற்றமும் எமது பனையும்

இதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. உலகத்தார் பாவிக்கும் காட்சிகளில் பனையோலை வேலி இல்லை. ஓலை ஒவ்வொன்றும் ஒரு தட்டையான தாளில் ஒட்டிய படம், ஓரமெல்லாம் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியவேண்டும். கதிர் ஒவ்வொரு தாளையும் துளைத்துத் துளைத்துப் போகவேண்டும். ஆகவே மற்றவர்களின் காட்சியில் ஒரு காட் மற்றதைவிடப் பத்து மடங்கு வேகம் என்றால் எமது வேலியிலும் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. நாற்சார் வீட்டின் முற்றத்தில் ஒரு பிறேமையும் பனங்கூடலில் ஒரு பிறேமையும் எமது அளவுகோலாக எடுத்துக்கொண்டோம்.

முற்றத்துப் பிறேமுக்குப் பழைய கணனி 18 நிமிடம் எடுத்தது. புதியதன் புரொசசர் 2 நிமிடம் 20 செக்கன். கிராபிக்ஸ் காட் 27 செக்கன். 27 செக்கனைப் பிரித்துப் பார்த்தோம். அதில் 12 செக்கன் காட் வேலையே செய்யவில்லை, காட்சியைத் தயார்செய்து கொடுக்கும்வரை காத்துக்கொண்டு நின்றது. வீடும் வேலியும் பிறேமுக்குப் பிறேம் மாறுவதில்லை, கமரா மட்டும்தான் நகர்கிறது. அப்படியிருக்க ஒவ்வொரு தரமும் முழு வீட்டையும் புதிதாக ஏற்றி இறக்குவது வீண்வேலை. ஏற்றியதை அப்படியே வைத்திருக்கச் சொல்லும் ஒரு தெரிவு பிளெண்டரிலேயே இருக்கிறது, பேசிஸ்ரன்ற் டேற்றா என்று பெயர். அதைப் போட்டதும் 27 செக்கன் 18 செக்கனாகியது. ஒரு சதமும் செலவில்லை. இன்னும் விலைகூடிய காட் வாங்கியிருந்தாலும் அந்தக் காத்திருக்கும் நேரம் குறைந்திராது.

எட்டு நிமிடப் படம், செக்கனுக்கு 25 பிறேம், மொத்தம் 12,000. இதில் 7,500 பிறேம் வீடுகளும் முற்றமும். பழைய கணனியில் அதற்கு மட்டும் 2,250 மணித்தியாலம், நிறுத்தாமல் ஓடினால் 94 நாள். புதியதில் முப்பத்தேழரை மணித்தியாலம். வெள்ளி இரவு போட்டால் ஞாயிறு மதியம் எடுக்கலாம்.

மீதி 4,500 பிறேம் பனங்கூடல். இங்கே காட் கையை விரித்துவிட்டது. காட்டுக்கு 16 கிகாபைற் சொந்த நினைவகம், பனங்கூடலுக்கு 21 வேண்டியிருந்தது. நினைவகம் போதவில்லை என்ற செய்தியோடு நின்றுவிட்டது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது வேகத்தை. நினைவகத்தின் அளவு சிறிய எழுத்தில் இருக்கும். வேகம் குறைந்தால் காத்திருக்கலாம், நினைவகம் குறைந்தால் வேலையே நடக்காது. வாங்கப்போகிறவர்கள் இந்த ஒரு வரியையாவது ஞாபகம் வைத்திருக்கவேண்டும்.

நினைவகம் இவ்வளவு ஏறியதற்குக் காரணம் பெரியப்பாவும் அவரின் சோட்டு ஆட்களும்தான். ஒரு பனையைச் செய்து நானூறு தரம் நகல் போட்டால் கணனி ஒரு பனைக்கான இடத்தைத்தான் எடுக்கும். ஆனால் ஆட்கள் விடவில்லை. இது இடிவிழுந்த பனை, இது வளைந்த பனை, இது கறையான் அரித்தது, இதில் ஆலம் கன்று ஒட்டியிருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் விபரம் சொன்னார்கள். அவ்வளவையும் தனித்தனியாகவே செய்தோம். நகல் போட்ட கூடல் ஒன்றையும் சோதனைக்குச் செய்து பார்த்தோம்: 13 கிகாபைற், காட்டில் 31 செக்கன். தனித்தனிப் பனையோடு புரொசசரில் 3 நிமிடம் 10 செக்கன். (விசிறி நின்றிருந்த நாட்களில் இதே பிறேம் 4 நிமிடம் 40 செக்கன் எடுத்தது. 4,500 பிறேமுக்குக் கணக்குப் பார்த்தால் அந்த ஒரு வயர் நாலரை நாளுக்கு மேல் தின்றிருக்கும்.)

இரண்டு படத்தையும் ஒரு ஞாயிறு பாடசாலை மண்டபத்தில் பெரிய திரையில் போட்டோம். எது எது என்று சொல்லவில்லை. நகல் போட்டது 39 மணித்தியாலத்தில் முடியும், மற்றது பத்து நாள் என்று மட்டும் கணக்குக் காட்டினோம். காசு போட்ட குடும்பங்கள் சில முதலாவதே போதும் என்றன. நியாயமான கதைதான், திரையில் ஒரு பனைக்கும் மற்றப் பனைக்கும் வித்தியாசம் பார்க்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? பெரியப்பா திரைக்குக் கிட்டப் போய் நல்ல கண்ணை வைத்துப் பார்த்தார். "உது காடு. இதுதான் எங்கட கூடல்" என்று சரியானதைக் காட்டினார். "முப்பத்தைஞ்சு வருசம் பொறுத்தனாங்கள், பத்து நாள் பொறுக்கமாட்டமே?" அதன்பிறகு எவரும் வாய் திறக்கவில்லை. பத்து நாள் என்றே தீர்மானமாயிற்று.

மின்சாரக் கணக்கு

பொதுக் காசென்றால் மின்சாரமும் கணக்கில் வரவேண்டும். சுவர்ச் செருகியில் மாட்டும் சிறிய அளவுமானி ஒன்று போதும், கட்டுமானச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். காட் வேலை செய்யும்போது முழுக் கணனியும் 400 வாற் எடுத்தது, புரொசசர் மட்டும் வேலை செய்யும்போது 290. பழைய கணனி 110 வாற் மட்டுமே. பழையது சிக்கனம் என்று பலர் நினைப்பது இதனால்தான். ஆனால் முற்றத்துப் பகுதிக்கு அது 94 நாள் ஓடவேண்டும். எமது ஒப்பந்தப்படி ஒரு கிலோவாற் மணிக்கு 38 சதம், ஆகவே 94 யூரோ. புதியது அதே வேலையை 15 கிலோவாற் மணியில், 5 யூரோ 70 சதத்தில் முடிக்கிறது. பனங்கூடலோடு சேர்த்து முழுப் படத்துக்கும் 32 யூரோ வருகிறது. பழைய கணனியில் 16 கிகாபைற் றாம்தான் என்பதால் பனங்கூடலைத் திறக்கவே முடியவில்லை, ஒப்பிட அங்கே எண் எதுவும் இல்லை.

இன்னும் சில விடயங்களையும் பார்த்தோம், அவற்றுக்கு அதிகம் மினக்கெடத் தேவையில்லை. றாம் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்கு வராமல் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பயோஸில் ஒரு தெரிவைப் போட்டுச் சரிசெய்தோம். எமது காட்சியில் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட வரவில்லை. அதிவேக வன்தட்டுக்கும் அப்படியே. நிறம் நிறமாக எரியும் விளக்குகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பிள்ளைகள் அதற்குத்தான் ஆசைப்படுவார்கள்!

நீண்ட நேரம் ஓடவிடுவோருக்கு ஒரு ஆலோசனை. படத்தை நேரே வீடியோக் கோப்பாக எடுக்காமல் பிறேம் பிறேமாகத் தனித்தனிப் படங்களாக எடுங்கள். நடுவில் மின்சாரம் நின்றாலும், கணனி தானாக நின்றாலும் போவது ஒரு பிறேம்தான். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விண்டோஸ் தன் எண்ணத்துக்கு இரவில் நின்று திரும்பத் தொடங்காதபடி புதுப்பிப்பையும் ஒத்திவைத்துவிடவேண்டும்.

கணனி இப்போது பாடசாலையின் களஞ்சிய அறையில் இருக்கிறது. இரவு வேலைக்குப் போகிறவர் போகும் வழியிலும், காலை வேலைக்குப் போகிறவர் விடியவும் எட்டிப் பார்க்கிறோம். சுவரில் ஒரு தாள் ஒட்டி, பார்த்த நேரம், எத்தனையாவது பிறேம், சூடு எவ்வளவு என்று எழுதிக் கையொப்பம் வைக்கிறோம். தொழிற்சாலைப் பழக்கம். வீடுகளும் முற்றமும் முடிந்துவிட்டன. பனங்கூடலில் இதை எழுதும்போது 3,100 ஐத் தாண்டியிருக்கிறது.

கிணற்றடி மட்டும் ஓடவிடப்படாமல் நிற்கிறது. வரும்போதும் போகும்போதும் கமரா அதைத் தாண்டித்தான் போகவேண்டும், ஆனால் துலாவின் அடிக்கட்டைக்குக் கல் கட்டியிருந்ததா இரும்பு கட்டியிருந்ததா என்பதில் பெரியப்பாவுக்கும் அவரின் தங்கைக்கும் இடையில் இன்னும் முடிவு வரவில்லை. 1990 க்கு முன் வலிகாமம் வடக்கில் எடுத்த, துலாக் கிணறு தெரியும் படம் எந்த வாசகரிடமாவது இருந்தால் ஒரு பிரதி எடுத்துச் சஞ்சிகையின் முகவரிக்கு அனுப்பி உதவுங்கள். கலியாணப் படமோ சாமத்தியப் படமோ, பின்னால் கிணறு கொஞ்சம் தெரிந்தாலும் போதும். மூலப்படத்தை அனுப்பவேண்டாம், தபாலில் தொலைந்தால் திரும்பக் கிடைக்காது.